ஷிஃப்டோடு ஓடிய மாத்திரை

என் மகளுக்கு எட்டு வயதில் மாத்திரை ஆரம்பித்தோம். வகுப்பில் ஓரிடத்தில் உட்கார மாட்டாள். எடுத்த வரியை எழுதி முடிக்க மாட்டாள். ஏ.டி.எச்.டி. என்று கிருஷ்ணகிரியில் பார்த்த டாக்டர் சொன்னார். காலை டிபனுக்குப் பிறகு ஒரு மாத்திரை. டீச்சர் தினமும் அவள் எப்படி இருந்தாள் என்று ஒரு தாளில் குறித்துத் தர வேண்டும்.

"ரெண்டு மாசம் பார்ப்போம். நல்லா கேட்டுச்சுன்னா நல்ல ஆரம்பம், அவ்ளோதான். பெரியவளானா எப்படி இருப்பான்னு இப்பவே யாரும் சொல்ல முடியாதும்மா" என்றார் அவர்.

எனக்கு மூக்கண்டப்பள்ளியில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. ஒரு வாரம் காலை ஷிஃப்ட், மறுவாரம் மதிய ஷிஃப்ட். மாத்திரை அட்டையை நான் யார் கையிலும் கொடுக்கவில்லை. என் வீட்டுக்காரர் பைக் சாவியைத் தேடாமல் வீட்டைவிட்டுக் கிளம்பிய நாளே கிடையாது. "நான் குடுக்கறேனே" என்று அவர் ஒருமுறை கேட்டதற்கு, "மொதல்ல சாவியைத் தேடுங்க" என்று வாயை அடைத்துவிட்டேன். என் வாய் அப்படி.

காலை ஷிஃப்ட் வாரத்தில் ஐந்து மணிக்குக் கம்பெனி பஸ். அதனால் நாலரைக்கே அவளை எழுப்பி மடியில் வைத்து, ரெண்டு பிஸ்கட் ஊட்டி, மாத்திரையை விழுங்க வைத்துவிட்டு ஓடுவேன். மதிய ஷிஃப்ட் வாரத்தில் எட்டு மணிக்கு, இட்லி சாப்பிட்ட பிறகு.

சில நாட்கள் அவள் முழுப் பக்கம் எழுதிக்கொண்டு வந்து காட்டினாள். அந்த நோட்டை கேன்டீனுக்கே எடுத்துப்போய்ப் பெருமை பேசினேன். சில நாட்கள் பழையபடி பாதி வரியோடு வந்து நின்றாள்.

ரெண்டு மாதம் கழித்து டாக்டர் தாள்களைப் புரட்டினார். "தினமும் குடுத்தீங்களா?"

"ஒருநாள் கூட விட்டதில்ல சார்."

"அப்படின்னா இவளுக்கு இது ஒத்து வரலை போல. நிறுத்திடலாமா?"

அந்த முழுப் பக்கங்கள் போய்விடுமே என்று தாள்களை வாங்கிப் பார்த்தேன். ஒரு வாரம் நல்லது, ஒரு வாரம் மோசம். அடுத்தது மறுபடி நல்லது. எங்கள் கம்பெனியில் இப்படி வந்தால் மெஷினை நிறுத்த மாட்டோம். எந்த ஷிஃப்டில் ஓடியது என்றுதான் முதலில் கேட்போம். மோசமான வாரமெல்லாம் என் காலை ஷிஃப்ட் வாரம். நாலரை மணிக் கதையைச் சொன்னேன்.

"அது நாலஞ்சு மணி நேரம்தாம்மா வேலை செய்யும். ஸ்கூல் பெல் அடிக்கிறப்பவே முடிஞ்சிருக்கும்" என்றார். திட்டவில்லை. அதுவே எனக்குத் திட்டு வாங்கிய மாதிரி இருந்தது.

மறுநாளிலிருந்து மாத்திரை அப்பா பொறுப்பு. சாவியைத் தொலைக்கிற மனிதர், எட்டு மணி மாத்திரையை மட்டும் ஒருநாளும் மறக்கவில்லை. டீச்சரின் தாளும் வாராவாரம் ஒரே சீராக வர ஆரம்பித்தது.

இப்போது அவளுக்குப் பத்தொன்பது வயது. டாக்டரே மாத்திரையை நிறுத்திச் சில வருடங்கள் ஆகின்றன. டிப்ளமோ முடித்துப் போச்சம்பள்ளியில் பயிற்சிக்குப் போகிறாள். செய்ய வேண்டியதை உள்ளங்கையில் எழுதிக்கொள்வாள். இந்த மாதம் மட்டும் ரெண்டு டிபன் பாக்ஸ் பஸ்ஸோடு போய்விட்டது. அப்பனுக்குத் தப்பாத பிள்ளை. எனக்கு நிறைவாகத்தான் இருக்கிறது.

போன வாரம் அவள் தலையைப் பின்னிக்கொண்டே, இத்தனை வருடம் மனதில் வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். "ரெண்டு மாசம் உன்னைத் தப்பான நேரத்துல எழுப்பிப் பாடுபடுத்திட்டேன்டி."

அவள் திரும்பிப் பார்த்தாள். "மடியில வச்சு பிஸ்கட் ஊட்டுவியே, அதுவாம்மா? அப்பா கைக்கு மாத்திரை போனப்புறம் நீ என்னை எழுப்பவே இல்லைன்னு எவ்ளோ நாள் அழுதேன் தெரியுமா?"