காலி என்று நான் எழுதிய கடல்

ஹைதராபாத்தில் கடல் கிடையாது. ஆனாலும் போன வாரம் முழுக்க நான் கடலைத்தான் கூறு போட்டுக்கொண்டிருந்தேன்... மேப்பில்!

தூத்துக்குடிப் பக்கம் கடலுக்குள் காற்றாலை வைக்கப் போகிறார்கள். எந்த இடத்தை ஒதுக்கலாம் என்று அரசாங்கத்துக்கு மேப் போட்டுக் கொடுப்பது எங்கள் கம்பெனி வேலை. கப்பல்கள் அனுப்பும் சிக்னலை மேப்பில் புள்ளி புள்ளியாக வைத்துப் பார்த்தேன். ஒரே ஒரு கட்டம் மட்டும் புள்ளியே இல்லாமல் காலியாக இருந்தது. 'யாரும் பயன்படுத்தாத பகுதி' என்று எழுதிவிட்டேன்.

அன்று சாயங்காலம் ஹைதராபாத் லோத்குண்டாவில் இருக்கும் என் வீட்டிலிருந்து அந்தோணி மச்சானுக்குப் போன் போட்டேன். அக்கா வீட்டுக்காரர். தூத்துக்குடியில் ஃபைபர் வள்ளம் வைத்து மீன் பிடிக்கிறவர். பெருமை அடித்துக்கொள்ளத்தான் — வேறெதற்கு? அந்தக் கட்டம் எங்கே இருக்கிறது என்று வாட்ஸ்அப்பிலும் தட்டிவிட்டேன்.

பத்து நிமிஷத்தில் ஒரு போட்டோ வந்தது. வலை போடும் இடங்களை அவர் குறித்து வைத்திருக்கும் ஜிபிஎஸ் கருவி. என் காலிக் கட்டம் முழுக்கப் புள்ளி! பின்னாலேயே போன்.

"கணவா மீனு சீசன்ல எங்க ஊரு வள்ளம் பூரா அங்கதாம்ல கெடக்கும். ஆளு இல்லன்னு எவம்ல சொன்னான்?"

"நான்தான் மச்சான்."

வெட்கமாகப் போய்விட்டது. சின்ன வள்ளத்தில் சிக்னல் கருவி ஏது? சிக்னல் அனுப்பாதவன் நமக்கு ஆளே இல்லை, அப்படித்தானே!

"இந்தப் புள்ளியெல்லாம் அப்படியே மேப்ல போட்டுடறேன் மச்சான்."

"ஏ மாப்ள, வேண்டாம்ல! மீனு கெடக்குற எடத்தக் கூடப்பொறந்தவன்கிட்டயே சொல்ல மாட்டோம். நீ மேப்புல போட்டா விசைப்படகுக்காரன் நாளைக்கே வந்து அரிச்சிட்டுப் போயிருவான்."

போட்டால் மீன் போச்சு. போடாவிட்டால் கடலே போச்சு. ரெண்டு நாளாக இதே யோசனை. மேனேஜரிடம் புலம்பினேன். ஹைதராபாத்காரர், தங்கமான மனுஷன். "டென்ஷன் நக்கோ பாய், வேண்டவே வேண்டாம்! டேட்டா இருந்தா போடுங்க, இல்லைன்னா விடுங்க" என்றார். எவ்வளவு சுலபம் பாருங்கள்!

வெள்ளிக்கிழமை மேப் போக வேண்டும். மச்சானின் போட்டோவை அழித்தேன். நான் எழுதிய அந்த வரியையும் அழித்தேன். 'இங்கே மீன்பிடிப்பு நடக்கிறது. எவ்வளவு என்று எங்களுக்குத் தெரியாது. கரையில் இருப்பவர்களைக் கேட்காமல் ஒதுக்கக் கூடாது' என்று எழுதி அனுப்பிவிட்டேன்.

'தெரியாதுன்னு எழுதறதுக்கா நமக்கு ஃபீஸ் கொடுக்கறாங்க?' — மேனேஜரின் மெசேஜ். திங்கட்கிழமை நேரில் வரச் சொல்லியிருக்கிறார். இன்று ஞாயிறு. உட்கார்ந்தால் எழுந்துகொள்கிறேன், எழுந்தால் உட்காருகிறேன்.

வேலை போனால் மச்சானின் வள்ளத்தில் ஏறிக்கொள்ளலாம் என்றால்... எனக்கு நீச்சலும் தெரியாது!