அண்ணன் ஏற்றிய பட்டைகள்

கல்யாணமாகிக் கடல் தாண்டி இந்த மலைக்கு வந்த புதிதில் எனக்கு விநோதமாகப் பட்டது குளிரும் அல்ல, தேயிலையும் அல்ல. பாரம் ஏற்றிய பிக்கப் வண்டிகள் நிற்கிற விதம்தான். கியா பார்ம் காய்கறிச் சந்தைப் பக்கம் காலையில் போனால் முட்டைக்கோஸ் கூடைகளை அடுக்கிக்கொண்டு வண்டிகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றும் மூக்கை மேலே தூக்கி, பின்புறம் டயரை உரசுகிற அளவுக்குக் குந்தியிருக்கும். ஓட்டுநர்கள் அதைக் கண்டுகொள்ளாமல் கோப்பி குடித்துக்கொண்டிருப்பார்கள். எனக்கோ யாரோ வேட்டி அவிழ்ந்தது தெரியாமல் சந்தையில் நிற்பதைப் பார்ப்பது போலக் கூச்சமாக இருக்கும். முதல் மாதம் முழுக்க நான் அந்த வண்டிகளை நேராகப் பார்த்ததில்லை.

காரணம், நான் சங்ககிரிக்காரி. லாரிகளால் பிழைக்கிற ஊர் அது. அங்கே ஒரு லாரியைப் பார்ப்பவர்கள் முன்பக்கம் எழுதிய சாமி பெயரைப் பார்ப்பதற்கு முன்னால் பின்பக்கம் போய் நின்று பார்ப்பார்கள். பாரம் ஏற்றியும் வண்டி நிமிர்ந்து நின்றால் உரிமையாளர் கெட்டிக்காரர். ஒரு பக்கம் சரிந்தோ, பின்னால் தாழ்ந்தோ நின்றால், “பட்டை செத்துப்போச்சு, பாவம்” என்பார்கள். அந்தப் பாவம் வண்டிக்கு அல்ல, வீட்டுக்கு. எனக்கு வரன் பார்த்தபோதுகூட ஒரு லாரிக்காரர் வீட்டு வாசலில் என் மாமா முதலில் வண்டியின் பின்புறத்தைத்தான் குனிந்து பார்த்தார். அந்தச் சம்பந்தம் கூடிவரவில்லை. என் அண்ணன் செந்தில் புறவழிச் சாலையில் ஸ்பிரிங் பட்டறை வைத்திருக்கிறார். சக்கரங்களுக்கு மேல் வளைந்து அடுக்கடுக்காக இருக்கும் இரும்புப் பட்டைகளைக் கழற்றுவது, மாற்றுவது, கூட ஒன்று ஏற்றுவது, இதுதான் அவருக்குத் தெரிந்த உலகம்.

என் கணவர் சரவணன் இங்கேயே லயத்தில் பிறந்தவர். மேல்மலையில் வெட்டிய கொழுந்தை மூட்டையாக ஏற்றி, கீழே தொழிற்சாலைக்குக் கொண்டுபோகும் வேலையைச் சொந்தப் பிக்கப்பில் குத்தகைக்குச் செய்கிறார். நான் மேலே கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் இருக்கிறேன். கொழுந்து வெட்டுவது இப்போது நேப்பாளத்துப் பையன்களும் வங்காள தேசத்துப் பையன்களும். இயந்திரத்தை இரண்டு பேராகப் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாகச் சிரைத்துக்கொண்டு போவார்கள். கடைசி நடையில் மூட்டைகளோடு நானும் இறங்குவேன். பாதை ஒரு வண்டி அகலம்தான். ஒரு பக்கம் தேயிலைச் செடிகள் தோளை உரசும், மறுபக்கம் செடிகளின் தலை மட்டும் காலுக்குக் கீழே தெரியும். பாதி நாள் மழையும் இருக்கும்.

திருமணமாகி மூன்று வருடம் கழித்து அண்ணன் என்னைப் பார்க்க வந்தார். வந்த மறுநாளே கொட்டகைக்கு வந்துவிட்டார். தேயிலையைப் பார்த்தார், மேகத்தைப் பார்த்தார், “நல்லா இருக்குது அம்மிணி” என்றார். அப்புறம் மூட்டை ஏற்றிய எங்கள் வண்டியின் பின்னால் போய் நின்றார். அவர் முகம் மாறியதைப் பார்த்ததும் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. சரவணனுக்குப் புரியவில்லை.

“மாப்ள, வண்டி இப்பிடிக் குக்கிக் கெடக்குதுங்களே?”

“எப்பவும் இப்படித்தான் மச்சான். லோட் ஏத்துனா உக்காரும் லா.”

“எப்பவுமேவுங்களா?” என்று கேட்டுவிட்டு அண்ணன் என்னைப் பார்த்தார். தங்கையை இப்படி ஒரு வீட்டிலா கொடுத்தோம் என்பது அந்தப் பார்வையில் இருந்தது. தாலிக்கொடி மெலிந்திருந்தால்கூட அவர் அவ்வளவு வருத்தப்பட்டிருக்க மாட்டார்.

சுற்றிப் பார்க்க வந்தவர் அதன்பிறகு எதையும் சுற்றிப் பார்க்கவில்லை. ஸ்ட்ராபெரி தோட்டத்துக்குக் கூப்பிட்டேன், வரவில்லை. வாசலில் சாக்கு விரித்து வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டார். முதலில் பிரேக். முன்சக்கரத் தட்டுகளும் அதைக் கவ்வும் கட்டைகளும் புதிதாக, முன்னைவிடப் பெரியதாக மாற்றினார். பின்சக்கர டிரம்மைத் திறந்து உள்ளே எல்லாம் புதுசு போட்டார். வெடித்திருந்த ரப்பர் குழாய்களைத் தூக்கி எறிந்தார். அந்த வேலையைப் பற்றி இன்று வரை யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. அதற்குப் பிறகு பட்டை வாங்க பிரிஞ்சாங் பக்கம் ஒரு சீனர் கடைக்குப் போனோம். அண்ணனுக்கு மலாய் தெரியாது, எனக்கோ கடைத்தெரு மலாய்தான். அந்தத் தவுக்கே, அதாவது கடை முதலாளி, எங்கள் வண்டிக்கு அடியில் குனிந்து, பின் அச்சுக்குப் பக்கத்தில் எதையோ விரலால் காட்டி, நீளமாக ஏதோ சொன்னார். ‘அட்ஜஸ்ட்’ என்ற சொல் மட்டும் பிடிபட்டது. இன்னொரு வேலையைத் தலையில் கட்டப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டு, “ஆபாங் சாயா பண்டாய்” என்றேன். என் அண்ணன் கெட்டிக்காரர் என்று அர்த்தம். தவுக்கே அண்ணனை ஒருமுறை பார்த்தார், சிரித்தார், பட்டைகளை எடுத்துக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

பக்கத்துக்கு இரண்டு பட்டைகள் ஏறின. அன்று மாலை மூட்டை அடுக்கியபோது வண்டி இம்மிகூடத் தாழவில்லை. தோட்டத்து ஆட்கள் வந்து வந்து பார்த்தார்கள். அண்ணன் அதைப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பினார். அம்மா அதைத் தெருவில் உள்ள எல்லோருக்கும் காட்டியதாகச் செய்தி வந்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, அதை மறைப்பானேன். இந்த மலையில் முதல் முறையாக ஒரு வண்டி எங்கள் ஊர் வண்டி மாதிரி நின்றது.

அண்ணன் ஊருக்குத் திரும்பிய பிறகு சரவணன் பாதி மூட்டைகளோடு இறங்கத் தொடங்கினார். ஒரு நடையாகப் போவது இரண்டு நடையானது. கொழுந்து சாக்குக்குள் நேரம் கழித்துக் கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும், தொழிற்சாலையில் முகம் சுளிப்பார்கள். சுளிக்கவும் செய்தார்கள். இப்படியே போனால் குத்தகையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று தோட்டத்து மேஸ்திரி வந்து சொல்லிவிட்டுப் போனார். நான் கேட்டதற்கு, “ரோடு லிச்சின் லா, வழுக்குது” என்று மட்டும் சொன்னார் சரவணன். ரோடு எப்போதுதான் வழுக்கவில்லை?

மேஸ்திரி வந்து போன மறுநாள் வேறு வழியில்லாமல் முழுப் பாரம் ஏற்றினோம். நானும் உட்கார்ந்தேன். மழை. இரண்டாவது வளைவுக்கு முன்னால் சரவணன் பிரேக்கை மிதித்தார். வண்டி முன்னால் குனிந்ததே தவிர நிற்கவில்லை. பின்னால் இருந்த பாரம் அப்படியே எங்களைத் தள்ளிக்கொண்டு போனது. அவர் கியரைக் குறைத்து, கைப் பிரேக்கை இழுத்து, மேட்டுப் பக்கத்துச் செடிகளுக்குள் வண்டியைச் செருகினார். கண்ணாடி முழுக்கத் தேயிலை இலைகள்.

“எத்தன நாளா இப்படி இருக்கு?” என்று கேட்டேன்.

“மச்சான் போனதுலேர்ந்து. லோட் இல்லன்னா பிரேக் நல்லாப் பிடிக்குது, பின்னால மட்டும் துள்ளும். லோட் ஏத்துனா பிடிக்க மாட்டுது.”

“ஏன் சொல்லல?”

“உங்க அண்ணன் செஞ்சது கவிதா. நான் எப்படிச் சொல்றது?”

உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு தினமும் இறங்கியிருக்கிறார், மச்சான் மனம் கோணக்கூடாது என்று. எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. கீழே இறங்கினேன். மழைத்துளி முன்சக்கரத்தில் பட்டு ‘சுர்’ரென்று ஆவியாகிக்கொண்டிருந்தது. பின்சக்கரத்தில் பட்ட துளி அப்படியே வழிந்தது. தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தது.

அங்கிருந்தே அண்ணனை வீடியோவில் அழைத்தேன். சரவணன் வேண்டாம் என்று கை காட்டினார். அண்ணன் பட்டறையில் இருந்தார், பின்னால் சம்மட்டிச் சத்தம். நடந்ததைச் சொன்னேன். உங்கள் வேலையில் குறை என்று சொல்ல நாக்கு எழவில்லை, சக்கரம் ஜில்லென்று இருந்ததை மட்டும் சொன்னேன். அவர் சம்மட்டியை நிறுத்தச் சொன்னார். அப்புறம், “கேமராவ வண்டிக்கு அடியில காட்டு சாமி” என்றார். காட்டினேன். பின் அச்சிலிருந்து ஒரு மெல்லிய கம்பி, மேலே சட்டத்தில் இருந்த சின்ன இரும்பு உருளைக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சீனர் விரலால் காட்டிய இடம் அதுதான்.

பார்த்துவிட்டு அண்ணனே விளக்கினார்: பாரம் ஏறிப் பின்புறம் தாழ்ந்தால்தான் அந்தக் கம்பி உருளையைத் தள்ளும். தள்ளினால்தான் பின்பிரேக்குக்கு முழு அழுத்தம் போகும். தாழாத வண்டியைக் காலி வண்டி என்றே அது எடுத்துக்கொள்ளும். நாங்கள் தலைகுனிவு என்று நினைத்ததை வைத்துத்தான் இந்த வண்டி தன் சுமையைத் தெரிந்துகொள்கிறது. சங்ககிரியில் அண்ணன் வேலை பார்க்கிற பெரிய லாரிகளில் இந்தக் கம்பியைப் பார்த்ததே இல்லையாம்.

“பட்டையக் கழட்டிருங்க மாப்ள,” என்றார் அண்ணன். குரலில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

“அந்தக் கம்பிய மட்டும் அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம் மச்சான். நீங்க போட்டது இருக்கட்டும்.”

“வேண்டாமுங்க. காலி வண்டி துள்ளுதுங்கிறீங்க, அந்த ரோட்டுக்கு அது ஆகாது. என்ற தங்கச்சி அதுலதான வருது. இன்னைக்கே கழட்டிருங்க.” பிறகு என்னிடம் சொன்னார்: “அம்மாகிட்டச் சொல்லாத அம்மிணி. தெருவே பாத்திருக்குது.”

அன்றே மூட்டைகளைத் தோட்டத்து வண்டிக்கு மாற்றினோம். எங்கள் வண்டியை மெதுவாகக் கீழே கொண்டுவந்து பட்டைகளைக் கழற்றினோம். அவர் போட்ட பிரேக் அப்படியே இருக்கிறது. இப்போது முழுப் பாரத்தோடு மழையில் இறங்கினாலும் மிதித்த இடத்தில் நிற்கிறது. பின்புறம் குந்தித்தான் இருக்கிறது.

சில நாள் கழித்து நான் கொட்டகையில் இருந்தபோது ஊரிலிருந்து வீடியோ அழைப்பு. அண்ணன் மகளுக்குக் காதுகுத்து, வீடு நிறையச் சொந்தக்காரர்கள். போன் கை மாறி மாறி அம்மாவிடம் வந்தது. “உங்கண்ணன் தூக்கி நிறுத்துன வண்டியக் காட்டு, சித்தி பாக்கோணுமாம்” என்றார் அம்மா. திரையின் ஓரத்தில் அண்ணன் யாருக்கோ பந்தியில் தண்ணீர் ஊற்றுவது போலக் குனிந்திருந்தார். டம்ளர் நிறைந்து வழிந்தது.

நான் போனை வண்டிப் பக்கம் திருப்பினேன். அடுத்த நடைக்காகக் காலியாக, நேராக நின்றது. “எப்பிடி நிக்குது பாரு,” என்றார் அம்மா. சித்தி வாயைப் பிளந்தார். சரவணன் முதல் மூட்டையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தவர், என் கையிலிருந்த போனைப் பார்த்ததும் வண்டிக்கு இரண்டடி தள்ளி நின்றுவிட்டார். அம்மா ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வண்டியைக் காட்டி முடிக்கும் வரை, ஈரம் சட்டையில் இறங்க, மூட்டையை இறக்காமல் அங்கேயே நின்றார்.