தனியாகக் குளிப்பாரா?

தையல் கூடத்தில் அவளுக்குக் காஜா அக்கா என்றுதான் பெயர். சட்டைக்குப் பொத்தான் துளை போடும் மெஷினில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தவளை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? சரியான வாயாடி. மேனேஜரே அவளிடம் வாய் கொடுக்க யோசிப்பார். அப்படிப்பட்டவள், தம்பி விஷயத்தில் மட்டும் ஒரு வார்த்தை உண்மை பேசியதில்லை.

தம்பி பஸ் கண்டக்டராக இருந்தவன். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், பஸ் நிறைய ஆள் நிற்க, டிக்கெட் பையை சீட்டில் வைத்துவிட்டு நடுவழியில் இறங்கி வீட்டுக்கு நடந்தே வந்துவிட்டான். எல்லாரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றான். அப்புறம் ஆளில்லாத அறையிலும் பேச்சு கேட்டது. மனச்சிதைவு என்றார் டாக்டர். "வேலை பிடிக்கல, விட்டுட்டான்" என்றாள் அக்கா, சொந்தக்காரர்களிடம். பக்கத்து வீட்டில் கேட்டதற்கு, ஒற்றைத் தலைவலி. எங்கே எந்தக் கதை சொன்னோம் என்று ஞாபகம் வைத்துக்கொள்வதே அவளுக்குத் தனி உத்தியோகம். ஆறு வருஷத்தையும் பூசி மெழுகியே ஓட்டிவிட்டாள்.

மத்தியானத்தில்தான் வந்தது வினை. தினமும் பன்னிரண்டரைக்கு வீட்டுக்கு ஓடி, தம்பிக்குச் சோறு போட்டு, மாத்திரை தொண்டையில் இறங்குகிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பி ஓடி வருவாள். புதிதாக வந்த மேனேஜர், காலையில் உள்ளே வந்தவர்கள் சாயங்காலம்தான் வெளியே போகலாம் என்று சொல்லிவிட்டார். வேண்டுமானால் அரை நாள் வேலை பார்க்கலாமாம். அரைச் சம்பளத்தில் இரண்டு வயிறு எப்படி நிரம்பும்? உடம்போ மனசோ முடியாதவர்களுக்கு அரசாங்கம் தரும் உதவித்தொகை தம்பிக்குக் கிடைத்தால் சமாளிக்கலாம். கிடைக்காவிட்டால் பகல் முழுக்க அவன் தனியாக, அந்தக் குரல்களோடு கிடக்க வேண்டியதுதான்.

மனு கொடுத்தாள். பரிசோதனைக்கு நேரில் வரச் சொல்லிக் கடிதமும் வந்தது. உடனே என்ன செய்தாள் தெரியுமா? முடி வெட்டுகிறவரை வீட்டுக்கே வரவழைத்தாள். பளபளவென்று சவரம். தையல் கூடத்தில் சொல்லி வைத்து ஒரு புதுச் சட்டை.

"கேட்டதுக்கு டக்குனு பதில் சொல்லணும். திருதிருன்னு முழிக்காத, என்ன?"

"சரிக்கா."

அட, இப்படியும் ஒரு கூத்து உண்டா! முடியாதவன் என்று எழுதி வாங்கப் போகிறவனைக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி ஜோடித்து அழைத்துப் போனாள் மகராசி.

மேஜைக்குப் பின்னால் ஒரு டாக்டரம்மா, பக்கத்தில் எழுதிக்கொள்ள ஒரு கிளார்க். தம்பி வணக்கம் வைத்தான். கேட்டதற்கெல்லாம், பயணிக்கு வழி சொல்வதுபோலச் சிரித்த முகமாகப் பதில் சொன்னான். டாக்டரம்மா அக்காவின் பக்கம் திரும்பினார்.

"தனியா குளிப்பாராம்மா?"

வாளியை நிரப்பி, அவனை உள்ளே தள்ளி, கதவுக்கு வெளியே நின்று "சோப்பு போட்டியா? தண்ணிய ஊத்து" என்று ஒவ்வொன்றாகச் சொன்னால்தான் குளியல் நடக்கும். அதைச் சொல்ல வேண்டியதுதானே?

"அதெல்லாம் சுத்தமா குளிப்பான் மேடம்."

"மாத்திரை?"

"டயத்துக்குப் போட்டுக்குவான்."

"வெளிய தனியா போவாரா?"

நாலு மாதத்தில் அவன் வாசற்படி தாண்டியதே இன்றைக்குத்தான். "கடைக்குப் போவான் வருவான்" என்றாள்.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "மறைக்காம சொல்லுங்கம்மா. வீட்ல ஏதாவது கஷ்டம் இருக்கா?"

பக்கத்து வீட்டுக்காரி துருவித் துருவிக் கேட்பதுபோல இருந்தது அவளுக்கு. ஆறு வருஷப் பழக்கம் நாக்கில் முந்திக்கொண்டது. "என்ன கஷ்டம் மேடம்? என் தம்பி தங்கமான பிள்ளை." கிளார்க் அதையும் எழுதிக்கொண்டார்.

இருபதாம் நாள் பதில் வந்தது. மனுதாரர் தன் காரியங்களைத் தானே செய்துகொள்கிறார், உதவித்தொகைக்குத் தகுதி இல்லை. அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். யாரைத் திட்டுவது? அத்தனையும் அவள் திருவாய் மலர்ந்ததுதான். அந்த ஆபீசுக்கே போய்க் கிளார்க்கைப் பிடித்தாள்.

"நீங்க சொன்னதைத்தானேம்மா எழுதினோம்?" என்றார் அவர். "அப்பீல் போடுங்க. அவரால என்னென்ன முடியாதுன்னு விவரமா எழுதி, கீழ அவர் கையெழுத்து வாங்கிட்டு வாங்க."

ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்து எழுதினாள். சொல்லாவிட்டால் குளிக்க மாட்டான். பக்கத்தில் நிற்காவிட்டால் மாத்திரையைத் துப்பிவிடுவான். அடுப்பைப் பற்றவைத்தால் அணைக்க மறந்துவிடுவான். இரண்டு பக்கம் நிறைந்துவிட்டது. ஒவ்வொரு வரியும் கூடப்பிறந்தவனைக் காட்டிக்கொடுப்பதுபோல இருந்தது.

"இதுல ஒரு கையெழுத்து போடுடா. படிக்கல்லாம் வேணாம்."

அவன் வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தான்.

"சும்மா ஆபீசுக்காக எழுதினதுடா. நிஜம்னு நினைச்சுக்காத" என்றாள். அப்போதும் பூசி மெழுகல்தான், பாருங்கள்!

"எல்லாம் நிஜம்தானேக்கா? இன்னும் ரெண்டு விட்டுப்போச்சு." அவன் குரலில் கோபமே இல்லை. "நீ வேலைக்குப் போனதும் நான் கதவுக்குப் பின்னாடி உக்காந்துக்குவேன். நீ வர்ற வரைக்கும் எழுந்திரிக்க மாட்டேன். அந்த டாக்டரம்மா கேட்டப்ப இதெல்லாம் சொல்லிடலாம்னுதான் இருந்தேன்."

"ஏன்டா சொல்லல?"

"ஒரு கஷ்டமும் இல்லைன்னு நீ சொல்லிட்டே. நான் சொன்னா உனக்கு அவமானமா இருக்கும்னு விட்டுட்டேன்."

அக்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முன்பின் தெரியாத அந்த டாக்டரம்மா கேட்டுவிட்டார். கஷ்டம் இருக்கிறதா என்று அவனிடம் இவள் இந்த ஆறு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

"அவமானமாத்தான்டா இருந்துச்சு. தப்பு பண்ணிட்டேன்" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேனாவை அவனிடம் நீட்டினாள். "ரெண்டுன்னியே, இன்னொண்ணு என்னடா?"

அவன் வாயால் சொல்லவில்லை. கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்துக்கு மேலே, நிதானமாக எழுத ஆரம்பித்தான்.