சுனாமிக்குப் பயந்தவள்

கிரிஜாவைப் பயந்தாங்கொள்ளி என்று எங்கள் வங்கியில் இன்றைக்கும் சொல்கிறார்கள். கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. கேம்ப் கிளையில் இத்தனை வருஷமாக அவளுக்குப் பக்கத்து நாற்காலி நான். அவள் எதற்குப் பயப்படுவாள், எதற்குப் பயப்படமாட்டாள் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

மராட்டி பேசும் இந்த ஊரில், கட்கியில் பிறந்து வளர்ந்தவள். தொழிற்சாலையில் வேலை பார்த்த அப்பா தொண்ணூற்றொன்றில் மாரடைப்பில் போனார். தம்பி சுந்தரராமன் அப்போது பள்ளிக்கூடம். அம்மாவுக்குச் சர்க்கரை. அவன் படித்து முடிக்கட்டும், வேலை கிடைக்கட்டும், கல்யாணம் ஆகட்டும் என்று ஒவ்வொரு 'கட்டு'மாகத் தாண்டியதில் இவள் கல்யாணத்தை எல்லோரும் சௌகரியமாக மறந்துவிட்டார்கள். வானவடியில் ஃப்ளாட் வாங்கிய பிறகும் அதே கதைதான். விடிந்ததும் அம்மாவுக்கு இன்சுலின் ஊசி, தம்பி பெண்ணுக்குச் சாப்பாட்டு டப்பா, தம்பி பெண்டாட்டி ஸ்ரீலக்ஷ்மிக்கு ஐடி கம்பெனி பஸ் வருவதற்குள் காபி. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். அந்த வீட்டு ஆண்டி இவள்.

முப்பத்தைந்து வயதுக்கு மேல் என்ன தோன்றிற்றோ, முனிசிபல் நீச்சல் குளத்தில் பெண்கள் பேட்ச்சில் சேர்ந்தாள். முதல் நாள் குளித்துவிட்டு வங்கிக்கு வந்தபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது, வாயெல்லாம் சிரிப்பு.

"லலிதா, தண்ணிக்குள்ளே முங்கினா ஒரு சத்தமும் கேக்கலேடீ. யாரும் கூப்பிட முடியாது!"

அந்த பேட்ச் பெண்கள்தான் அந்தமானுக்குப் போய் ஸ்கூபா செய்யலாம் என்று கிளப்பிவிட்டார்கள். முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு கடலுக்கடியில் இறங்குவது. கிரிஜா மாதிரி ஆசைப்பட்ட ஒருத்தியை நான் பார்த்ததில்லை. பயணம் நிச்சயமாகியிருந்த சமயத்தில் 2004 டிசம்பரில் சுனாமி வந்தது. அத்தனை உயிர் போயிருக்கும்போது யாருக்கு உல்லாசம் வேண்டியிருக்கிறது? முதலில் வேண்டாம் என்றவளே கிரிஜாதான்.

இரண்டு வருஷம் கழித்து மறுபடி பேச்சு எழுந்தது. இந்தத் தடவை அவள் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டவில்லை. கல்லூரியில் பூகோளம் நடத்தும் வாடிக்கையாளர் ஒருவரை உட்காரவைத்துச் சுனாமியைப் பற்றிக் கேள்விமேல் கேள்வி கேட்டாள். தீவிலிருந்த ஸ்கூபா கடைக்கு எஸ்டிடி போட்டு, தங்கும் இடத்துக்குப் பின்னால் மேடு இருக்கிறதா, நடந்தால் எவ்வளவு நேரம் என்று விசாரித்தாள். கடலோரக் குடிசை வேண்டாம், உள்ளே தள்ளி மாடி அறைதான் வேண்டும் என்று பேட்ச் பெண்களிடம் சண்டை போட்டு ஜெயித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில் விஷயத்தை உடைத்தாள். துணைக்கு என்னையும் கூப்பிட்டிருந்தாள்.

"ஆபத்தே இல்லேன்னு நான் சொல்லலைம்மா. பூமி ஆடினாலோ கடல் உள்வாங்கினாலோ யாரும் சொல்றதுக்குக் காத்துண்டிருக்காம மேட்டுக்கு ஓடணும். அதைத் தெரிஞ்சுண்டுதான் போறேன். எட்டு நாள்தான்."

"ரிஸ்க் எடுக்காதேக்கா," என்றான் சுந்தரராமன். "கடல் எப்போ பொங்கும்னு எவனுக்குத் தெரியும்?"

யார் சொல்வது? ஹெல்மெட் சட்டம் வந்தபோது கூடாது என்று ஊர்வலம் போன புண்யவான்! பெண்டாட்டியைப் பின்னால் உட்காரவைத்தும் பெண்ணை முன்னால் நிற்கவைத்தும் ஸ்கூட்டரில் சோலாப்பூர் ரோட்டில் பறக்கிறவன்.

"தினம் மண்டையைக் காட்டிண்டு லாரிக்கு நடுவிலே போறியே, அது ரிஸ்க் இல்லையாடா?" என்று கேட்டேன்.

"அது வேற, லலிதாக்கா."

வேறதான். அங்கே யாரும் அவனைக் கேட்கப் போவதில்லை.

அம்மா மத்தியஸ்தத்துக்கு வந்தாள். "எதுக்கு வாக்குவாதம்? பிள்ளையார்கிட்டே பூக்கட்டிப் பார்த்துடலாம். வெள்ளை வந்தா போயிட்டு வரட்டும். சிவப்பு வந்தா மறந்துடணும்."

கிரிஜா முகம் மலர்ந்துவிட்டது. அசடு! கீழே கம்பவுண்டில் நந்தியாவட்டையும் சிவப்பு அரளியும் பறித்துக்கொண்டு வந்தாள். அம்மா உள்ளே போய் இரண்டு காகிதப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு வந்து படத்தின் முன்னால் வைத்தாள். கிரிஜா கண்ணை மூடி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஒன்றை எடுத்தாள். சிவப்பு.

"பகவான் சொல்லிட்டார்," என்றாள் அம்மா. ஸ்ரீலக்ஷ்மி டிவியைப் போட்டாள்.

மறுநாள் சாப்பாட்டு வேளையில் கிரிஜா டப்பாவைத் திறக்கவே இல்லை. என்னவென்று துருவியதும் சொன்னாள். காலையில் வாடின பூவை எடுத்துவிட்டுப் பூஜை அலமாரியைத் துடைத்திருக்கிறாள். பிரிக்காமல் கிடந்த இன்னொரு பொட்டலம் கையில் பட்டிருக்கிறது. பிரித்தால் அதிலும் அரளி.

"அடிப்பாவி! அம்மாவைக் கேட்டியா?" என்றேன்.

கேட்டிருக்கிறாள். அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாளாம். மறுக்கவில்லை, தலையையும் நிமிர்த்தவில்லை.

"சுனாமியும் கிடையாது, கினாமியும் கிடையாது," என்றாளாம். "நீ முழுகிப் போயிடுவேன்னு எனக்குப் பயமில்லேடீ. சமத்து, பத்திரமா வந்துடுவே. ஆனா ஒருதரம் அந்த ருசி கண்டுட்டேன்னா அப்புறம் இந்த வீட்டிலே தரிக்கமாட்டே. எனக்கு யாரு இருக்கா?"

தெய்வத்தைப் பொய்ச்சாட்சிக்கு இழுத்திருக்கிறாளே ஒரு தாய்! "இப்பவே அவாளுக்குப் போன் பண்ணி வரேன்னு சொல்லு. உன் இடம் இன்னும் காலியாத்தான் இருக்கு. நான் ஊசி போட வரேன், நான் டப்பா கட்டறேன், நீ போ," என்று கத்தினேன். பக்கத்துக் கவுன்ட்டர்க்காரன் திரும்பிப் பார்த்தான்.

அவள் போன் பண்ணினாள். பேரை எடுத்துவிடச் சொன்னாள்.

ஜனவரி கடைசியில் பேட்ச் பெண்கள் போட்டோக்களும் முந்திரிப்பருப்பும் எடுத்துக்கொண்டு வங்கிக்கே வந்துவிட்டார்கள். நீலத் தண்ணீர், மஞ்சள் மீன், கண்ணாடி மாட்டிய முகங்கள். கிரிஜா ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்தாள். நீ ஏன் கடைசி நேரத்தில் கழன்றுகொண்டாய் என்று தலைவி மராட்டியில் கேட்டாள்.

"மலா பீதி வாட்லி," என்றாள் கிரிஜா. எனக்குப் பயமாக இருந்தது.

சுனாமிக்கா என்று கேட்டார்கள். ஆமாம் என்று தலையாட்டினாள். எல்லோரும் சிரித்தார்கள். மேனேஜரும் வந்து நின்று சிரித்தார். நான் வாயைத் திறந்தேன். மேஜைக்கு அடியில் என் கையை இறுக்கிப் பிடித்துவிட்டாள்.

அவர்கள் போனதும் அவளைப் பிடித்துக்கொண்டேன். "அம்மாவைக் காப்பாத்தறதுக்கு இப்படி ஒரு பொய்யா? ஊரே உன்னைப் பார்த்துச் சிரிக்கறதுடீ!"

"பொய் இல்லையே லலிதா," என்றாள். "அம்மா சொன்னதை யோசிச்சுப் பார்த்தேன். அவ சொன்னது சரிதான். போயிருந்தா நான் அந்த வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கமாட்டேன். அதுக்குத்தான் பயந்தேன்."

அன்றைக்கும் அம்மாவின் ஊசிக்கு நேரமாகிறது என்று வானவடி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.