கோழிக்குப் பிறகு ஏலம் போன அறிக்கைகள்

கடையில் காசு கொடுத்துப் புத்தகம் வாங்குகிறவர்கள் பாக்கியவான்கள். நூலகத்துக்காக ஊர் ஊராகப் போய்ப் புத்தகம் திரட்டுகிறவர்கள் என் கூட்டாளிகள், அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

எல்லைப் போராட்டம் சூடாக நடந்த காலம் அது. பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்துத் தமிழர்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்றார்கள். மலையாளிகள் நடக்காது என்றார்கள். அந்த நேரம் பார்த்துத் திருவனந்தபுரத்துப் பல்கலைக்கழகத்தில் சமூகப்பணிப் படிப்பு தொடங்க நினைத்தார்கள், என்னை நூலகத்தில் தற்காலிகமாக எடுத்தார்கள். லண்டனிலிருந்து பெட்டி பெட்டியாகப் புத்தகங்கள் வந்து இறங்கின. ஒவ்வொன்றையும் பிரிக்கும்போது எனக்குக் கை பரபரக்கும், புதுத்தாள் வாசனையிலேயே வயிறு நிறைந்துவிடும்.

மேலதிகாரி பணிக்கர் சார் முகம் மட்டும் தெளியவில்லை. லண்டன் ஏழையைப் பற்றி அலமாரி நிறைய இருக்கிறது, நம்மூர் ஏழையைப் பற்றி ஒரு தாள் உண்டா, ஆய்வுக்குழு வந்தால் எதைக் காட்டுவது என்று கேட்டார். குழு சம்மதித்தால் படிப்பு வரும், என் வேலையும் நிலைக்கும். இல்லையென்றால் இரண்டும் போச்சு. நானோ பாறசாலைக்காரி, இரண்டு பாஷையும் தண்ணீர்பட்ட பாடு. நீயே போய்க் கொண்டுவா என்று சார் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "மோளே, நீ தன்னெ போய்க் கொண்டு வா!"

பழம்பொரி ஆராய்ச்சி

கூலி உயர்வு, குத்தகைக்காரரை இறக்கிவிடுவது என்று நம்மூர் ஏழைகளின் பாட்டைச் சொல்லித் தமிழ், மலையாளம் இரண்டு கட்சிக்காரர்களும் அன்றாடம் நோட்டீஸ் போட்டார்கள். காலையில் தெருவெல்லாம் கிடக்கும், சாயங்காலம் ஒன்றுகூட இருக்காது. எங்கே போகிறது என்று வெள்ளறடையில் கண்டுபிடித்தேன். அங்கே ஒரு டீக்கடையில், நேந்திரம்பழத்தை மாவில் முக்கிப் பொரித்த பழம்பொரியை அதில்தான் வைத்துக் கொடுத்தார்கள்! எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல? தின்பேன், தாளைத் துடைத்துப் பைக்குள் வைப்பேன், இன்னொன்று கேட்பேன்.

எல்லாம் தமிழ் நோட்டீஸாகவே வந்தது. அடியில் இருக்கிற மலையாள நோட்டீஸில் ஒன்று வைத்துத் தாருங்கள் என்றேன். கடைக்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். பையும் குடையுமாக வருகிற பெண்ணெல்லாம் அந்த ஊரில் டீச்சர்தான். "டீச்சரே, நீங்க எந்தக் கட்சின்னு நான் கேக்கல்ல. ரெண்டு நோட்டீசுலயும் பழம்பொரி ஒண்ணாக்கும், வயிறு வலிச்சா என்னையச் சொல்லப்பிடாது!"

நான் தோற்ற ஏலம்

பாறசாலைக்குப் பக்கத்தில் ஒரு பழைய மிஷன் சபை. பஞ்சகாலத்தில் அந்தச் சபைப் பெண்கள் கஞ்சித்தொட்டி நடத்தியதையும், அநாதைப் பிள்ளைகளை வளர்த்ததையும் வருஷாவருஷம் அறிக்கையாக அச்சிட்டு வைத்திருந்தார்கள். ஒரு கட்டு முழுதும் அப்படியே இருந்தது. பார்த்ததும் துள்ளாத குறை. சமூகப்பணி என்று லண்டன்காரன் பெயர் வைப்பதற்கு முன்பே எங்கள் ஊரில் செய்திருக்கிறார்களே! சும்மா கேட்டேன். சபைச் சொத்தைச் சும்மா கொடுக்கும் வழக்கமில்லை, அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வைக்கிறோம், எடுத்துக்கொள் என்றார்கள்.

அன்றைக்கு ஆராதனை முடிந்து காணிக்கைகளை ஏலம் போட்டார்கள். மரச்சீனிக் கிழங்கு போனது, பலாப்பழம் போனது, கோழி போனது. பிறகு கட்டு வந்தது. பழைய காகிதத்துக்கு யார் போட்டிக்கு வரப்போகிறார்கள்? ஆசை தாங்காமல் முதல் ஆளாக, அதுவும் சத்தமாக, விலை கேட்டுவிட்டேன். அதுதான் வினை. திருவனந்தபுரத்திலிருந்து ஆள் வந்து கேட்கிறது என்றால் அது எல்லைக்கு ஆதாரமாகத்தான் இருக்கும் என்று சபை மொத்தமும் கிசுகிசுத்தது. கோழி போன விலையைத் தாண்டியும் கைகள் உயர்ந்தன. கடைசியில் தமிழ்க் கட்சியில் தீவிரமாக இருந்த ஜவுளிக்கடைச் செல்லையன் கட்டைத் தூக்கிக்கொண்டார். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாறசாலைய மலையாளத்தோட சேக்க ஆதாரம் தேடி வந்தியளா டீச்சரே? இது எனக்க பெட்டியில பூட்டியாக்கும் இருக்கும்!"

எல்லை இல்லாத ஆதாரம்

விடுவேனா? மறுவாரமே அவர் வீட்டுக்குப் போனேன். ஆதாரம் என்றால் என்ன ஆதாரம் என்று பார்க்க வேண்டாமா, நான் வாசிக்கிறேன், நீங்கள் கேளுங்கள் என்றேன். அவருக்கும் அது நியாயமாகப் பட்டது, பெட்டியைத் திறந்தார். வாசித்தேன். பக்கத்து வீட்டுக் குட்டன் பிள்ளையும் மதில் ஓரமாக வந்து நின்றார். அவர் ஊர் வாசகசாலையின் செயலாளர், மலையாளக் கட்சி. எல்லைத் தகராறில் ஒருவரோடொருவர் பேச்சு நின்றுபோயிருந்தாலும் இரண்டு பேருடைய காதும் என்னிடம்தான் இருந்தது.

பக்கம் பக்கமாகக் கஞ்சி, துணி, காய்ச்சல் மருந்து. எல்லையைப் பற்றி ஒரு சொல் இல்லை. செல்லையன் முகம் தொங்கிவிட்டது. அப்போது, அவருடைய ஊர்க் கஞ்சித்தொட்டிக்குக் கைப்பிள்ளையோடு வந்த பெண்களைப் பற்றி ஒரு பத்தி வந்தது. அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். "அதுல ஒருத்தி எனக்க அம்மையாக்கும். கைப்பிள்ளை நான்தான். இதை நான் ஆருக்கும் தரமாட்டேன், மக்கா."

முதல் பஸ்

குழு வருகிற தேதியைச் செல்லையன் வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தேன், அந்த நாளும் வந்தது. எண்ணெய் ஊறிய நோட்டீஸ்களைத் தவிர என்னிடம் உள்ளூர்ச் சரக்கு எதுவும் இல்லை. காலையில் பார்த்தால், முதல் பஸ்ஸில் வந்து நூலக வாசலில் நிற்கிறார் குட்டன் பிள்ளை! வாசகசாலை நடத்திய வெள்ள நிவாரண அறிக்கைகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். செல்லையன் மனம் மாறி, சபைக்காரர்கள் செய்தது மட்டும் இங்கே வந்தால், நாளைக்குப் படிக்கிற பிள்ளைகள் நாங்கள் தூங்கினோம் என்று நினைக்கமாட்டார்களா என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அதே பஸ்ஸின் பின்வாசலில் வந்து இறங்கிய செல்லையன், தலையில் டிரங்குப் பெட்டியோடு நின்றார். மூட்டை போகிறதை தன் மதிலோரமிருந்து பார்த்தவர், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்திருக்கிறார்.

நானும் பணிக்கர் சாரும் ஓட்டமாக ஓடி அடுக்கினோம். குழுத் தலைவர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். உட்கார்ந்தே விட்டார். இவ்வளவையும் எப்படிச் சேர்த்தீர்கள் என்று அவர் கேட்க, நாங்கள் இல்லை, எல்லைத் தகராறுதான் சேர்த்தது என்று சார் உண்மையைச் சொல்லிவிட்டார்: "சாரே, ஞங்ஙளல்ல, அதிர்த்தியாணு இதெல்லாம் சேகரிச்சது!"

திருப்பிக் கேட்க வந்தவர்

படிப்பு வந்தது. எனக்கும் வேலை நிலைத்தது. அதற்குப் பிறகு எல்லையும் போட்டார்கள். விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போயிற்று, பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கேரளத்தில் நின்றுவிட்டன. ஒரு நாள் செல்லையன் வந்தார், கையில் காலிப் பெட்டி. திருப்பிக் கேட்கத்தான் வந்திருக்கிறார். அந்த அறிக்கைகளை வைத்துத்தான் பிள்ளைகள் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆனாலும் அது அவர் ஏலத்தில் எடுத்தது.

அலமாரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே ஒரு மலையாளிப் பெண், எழுத்துக்கூட்டித் தமிழ் வாசித்துக்கொண்டிருந்தாள், அதே கஞ்சித்தொட்டிப் பக்கம். அவர் அவளுக்குப் பின்னால் வெகுநேரம் நின்றார். பிறகு பெட்டியை மூடினார். "எடுத்துட்டுப் போகத்தான் வந்தேன், மக்கா. இங்க கெடக்கட்டு. நாங்களும் இங்க உண்டும்னு சொல்லுகதுக்கு இனி இதுதானே உண்டு."

அதற்குப் பிறகு நூலக இயலில் நான் எவ்வளவோ படித்தாயிற்று. இரண்டு அயல்வீட்டுக்காரர்களின் வைராக்கியத்தைப் போலப் புத்தகம் சேர்த்துத் தருகிற முறை எதையும் இதுவரை எவரும் எழுதி வைக்கவில்லை.