சந்தனம் பூசிய ரிலே

ஆலங்குடி பஸ் கண்டக்டர் புதுக்கோட்டையில் எங்கள் பட்டறை வாசலில் வண்டியை நிறுத்திக் கையை ஆட்டினார் என்றால், எங்கோ ஒரு மோட்டார் போய்விட்டது என்று அர்த்தம். அறுபதுகளின் தொடக்கத்தில் எங்களுக்கு அதுதான் டெலிபோன். ஆயுத பூஜைக்கு மறுநாள் அவர் கையை ஆட்டினார்.

"வைரவன் ஆயில் மில்லுல எக்ஸ்பெல்லர் மோட்டார் பொகைஞ்சு போச்சாம். ஒடனே வரச் சொன்னாக."

எங்கள் மேஸ்திரி சந்தானத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. எனக்கும்தான். கடலையை எக்ஸ்பெல்லரில் போட்டு எண்ணெய் பிழியும் அந்த மில்லுக்கு கண்ட்ரோல் பேனல் செய்து கொடுத்தது நாங்கள். ஒரே ஒரு சீசன் ஓடிய பேனல். அதற்குள் மோட்டார் எரிந்தால் ஊரெல்லாம் எங்களைத்தான் கேட்கும்.

எதைப் போடுவது

அந்தப் பேனல் செய்தபோது நடந்த பேச்சைச் சொல்லிவிடுகிறேன். மோட்டாருக்குப் பாதுகாப்பு என்றால் நிறையப் பேர் ப்யூஸ் மட்டும்தான் என்று நினைப்பார்கள். வைரவன் முதலாளியும் அப்படித்தான். "தடிமனா ஒரு கம்பியைப் போட்டு விடுங்க மேஸ்திரி, அடிக்கடி போகாம இருக்கட்டும்" என்றார்.

"ப்யூஸு ஒயரைக் காப்பாத்துறதுக்குங்க. மோட்டாரைக் காப்பாத்துறது ஓவர்லோடு ரிலே. ரெண்டும் ஒண்ணு இல்லைங்க" என்றார் மேஸ்திரி.

ரிலேக்குள், கரண்ட் வருகிற மூன்று பேஸுக்கும் மூன்று உலோகப் பட்டைகள் இருக்கும். கரண்ட் கூடினால் பட்டை சூடாகி வளையும். வளைந்து, குறுக்கே கிடக்கும் ஒரு சிறு தண்டைத் தள்ளும். தண்டு நகர்ந்தால் மோட்டார் நின்றுவிடும். அவ்வளவுதான் சங்கதி. கடையில் இரண்டு வகை கிடைத்தன. ஒன்று மூடி போட்டது. இன்னொன்று முன்பக்கம் திறந்தே இருக்கும், தண்டு அசைவது கண்ணுக்குத் தெரியும். பட்டை கெட்டால் திறந்ததைச் சீக்கிரம் மாற்றலாம், ஆபரேட்டரும் பார்த்துப் பழகுவான் என்று மேஸ்திரி அதையே எடுத்தார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. வெளியே தகரக் கதவு இருக்கிறது, உள்ளே யார் கை வைக்கப் போகிறார்கள்?

அந்த மில் ஆபரேட்டர் அடைக்கலம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். காதை மோட்டார் பக்கம் சாய்த்து, "பேரிங் ஒரு மாதிரியா பேசுது தம்பி" என்பார், கழற்றிப் பார்த்தால் அது தேய்ந்திருக்கும். ஈரக் கடலையை அதிகமாகக் கொட்டினால் ரிலே விழும், மோட்டார் நிற்கும். அவர் பட்டை ஆறும்வரை காத்திருந்து, பிறகுதான் பட்டனை அழுத்துவார். பக்கத்து மில்களில் அந்தப் பொறுமை கிடையாது. ரிலே விழாமல் இருக்கத் தண்டில் ஓர் ஈர்க்குக் குச்சியைச் செருகிவிட்டு நிம்மதியாகப் பீடி பிடிப்பார்கள். எத்தனை மோட்டார்களை அந்தக் குச்சி தின்றதோ.

குச்சி

நாங்கள் போனபோது மில் முழுக்க எரிந்த வார்னிஷ் நாற்றம். கடலை புடைக்கும் பெண்கள், மூட்டை தூக்குபவர்கள் எல்லாரும் கூடி நின்றார்கள். விஜயதசமிக்கு நல்ல நேரம் பார்த்து மெஷினை ஓட்டியிருக்கிறார்கள். சிறிது நேரத்தில் ஒரு பேஸ் ப்யூஸ் போய்விட்டது. மோட்டார் மீதி இரண்டு பேஸில் திணறிக்கொண்டு ஓடியிருக்கிறது. அடைக்கலம் கடலை உடைக்கிற மெஷினுக்குப் பெல்ட் மாட்டிக்கொண்டிருந்தார், அந்தச் சத்தத்தில் இது கேட்கவில்லை. கரண்ட் கூடியதில் ரிலே விழுந்திருக்க வேண்டும். விழவில்லை.

மேஸ்திரி பேனல் கதவைத் திறந்தார். உள்ளே எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். கதவின் மேல் மாவிலைத் தோரணம். அடித்தட்டில் ஒரு ஈர்க்குத் துண்டு கிடந்தது. முதலாளி அதை எடுத்துத் தூக்கிக் காட்டினார்.

"இந்தா பாருங்க மேஸ்திரி. ரிலே விழக்கூடாதுன்னு குச்சியைச் சொருகியிருக்கான். மோட்டாரு எரிஞ்சதும் உருவிப் போட்டுட்டான்."

"நான் சொருகலை மொதலாளி" என்றார் அடைக்கலம். "என்னைக்காச்சும் சொருகியிருக்கேனா?"

"பின்ன குச்சி என்ன, நடந்தா வந்துச்சு? சோறு போட்ட எடத்துலயே கைய வச்சிட்டியே. போ, அங்கிட்டுப் போ. இனிமே இந்த வாசப்படி மிதிக்காத."

மேஸ்திரி, "பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சோதிச்சுச் சொல்றேனுங்க" என்றார். முதலாளி கேட்கும் நிலையில் இல்லை. அடைக்கலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அத்தனை பேர் நடுவே வெளியே போனார். எல்லாரும் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பட்டறையில் ரிலேக்குக் கரண்ட் கொடுத்துப் பார்த்தோம். பட்டைகள் மூன்றும் ஒழுங்காக வளைந்தன. தண்டு மட்டும் நகரவில்லை. மேஸ்திரி கண்ணாடியை ஏற்றிக்கொண்டு குனிந்தார். தண்டு ஓடும் சந்துக்குள் சந்தனம் அப்பி, மேலே குங்குமம் அழுத்தி, ஒரு நாள் காய்ந்து சுண்ணாம்புக் காரை மாதிரி இறுகியிருந்தது. சுரண்டி எடுத்ததும் தண்டு நகர்ந்து, ரிலே டக்கென்று விழுந்தது.

"அட கெடுவாய்" என்றார் மேஸ்திரி. "அந்த ஈர்க்கு, தோரணத்துல எலை கோத்ததுடா. கதவைத் தொறக்கையில உள்ள விழுந்திருக்கு."

மன்னிப்பு

மறுநாளே ரிலேயைக் கையில் எடுத்துக்கொண்டு போனோம். "பேனலுக்குள்ள பொட்டு வச்சது யாருங்க?" என்று மேஸ்திரி கேட்டார்.

"நான்தான். அடைக்கலம் கதவைத் தொறந்து சூடத்தட்டப் புடிச்சிக்கிட்டு நின்னான். உள்ள இருக்கிறதும் ஆயுதந்தான?" என்றார் முதலாளி. விஷயத்தைச் சொன்னதும், "சாமிக்கு வச்ச பொட்டா மோட்டாரை எரிச்சுச்சு?" என்று கோபப்பட்டார். அவர் கண் முன்னாலேயே ஒரு பொட்டை வைத்துக் காயவிட்டுக் காட்டினோம். தண்டு அசையவில்லை. கெட்ட மனிதர் இல்லை அவர். கடைசியில், "சரி, அவனை வரச் சொல்லுங்க" என்றார்.

சொல்ல நான் போனேன். அடைக்கலம் நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, "அதானே பாத்தேன்" என்றார். முகத்தில் அப்படி ஒரு தெளிச்சி. பிறகு கேட்டார்: "குச்சி சொருகினேன்னு அம்புட்டுப் பேரு முன்னாடியும் சொன்னாகல்ல தம்பி? இல்லைங்கிறதையும் அங்கனயே சொல்லச் சொல்லுங்க. காலையில மில்லு முத மணி அடிக்கையில வந்து நிக்கிறேன்."

திரும்ப ஓடினேன். முதலாளி தரையைப் பார்த்துக்கொண்டு, "வேலை குடுக்கிறேன்னுட்டேன்ல. கூலிக்காரங்க முன்னாடி நான் என்னத்தைச் சொல்ல?" என்றார். மேஸ்திரியும் சொல்லிப் பார்த்தார். ஒரு வாக்கியம். அது முதலாளி வாயிலிருந்து வரவில்லை. அடைக்கலமும் வரவில்லை. குச்சி செருகியவர் என்ற பேர் மற்ற மில்களுக்கும் போய்ச் சேர்ந்ததால், அந்தப் பக்கம் யாரும் அவரைக் கூப்பிடவும் இல்லை.

அதன்பிறகு எங்கள் பட்டறையிலிருந்து மூடியில்லாத ரிலே ஒன்றுகூட வெளியே போகவில்லை. பேனல் கொடுக்கும்போதே, "பொட்டைக் கதவுக்கு வைங்க, உள்ள வேண்டாம்" என்று சொல்லிவிடுவோம். பேனல் வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இன்னொன்று. மோட்டார் எரிந்தால் ரிலேயைச் சோதிக்கும்வரை யார் பேரையும் சொல்ல விடாதீர்கள். சொல்லிவிட்டால் பிறகு எதைச் சுரண்டினாலும் போகாது.

சில வருஷம் கழித்து ஒரு பம்ப் செட் வேலையாக மீமிசல் போனேன். கடற்கரையில் மீன் கூடை சுமக்கிறவர்களில் ஒருவர் என்னைப் பார்த்ததும் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்றார். அடைக்கலம். தோளெல்லாம் மீன் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. மோட்டார் பேசுவதைக் கேட்ட அந்தக் காது, இங்கே என்னத்தைக் கேட்கும்? அவர்தான் முதலில் பேசினார்.

"அந்த ரிலேக்கு மூடி போட்டாச்சா தம்பி?"

"போட்டாச்சுண்ணே. எல்லாப் பேனலுக்கும் போடுறோம்."

"நல்லது. எனக்குப் பெறகு அங்க வந்தவன் ஆருன்னு தெரியலை. அவனாச்சும் பொழச்சுக்கட்டும்" என்றார். "கூடையை ஒரு கை தூக்கி விடுங்க."

தூக்கி அவர் தலையில் வைத்தேன்.