நிலக்கரி ஊரில் அண்ணன் சேர்ந்த சங்கம்

பாலாற்றில் அன்று இருந்தவர்கள்: எங்கள் அம்மா, நான், என் வீட்டுக்காரர், பங்காளிகள் மூவர், ஐயர், அங்கே அண்ணனோடு பழகி, அமெரிக்காவிலிருந்து அவர் அஸ்தியை மடியிலேயே வைத்துக்கொண்டு வந்த சேலம் சுந்தரம் தம்பி. ஆற்றில் தண்ணீர் இல்லை. ஓரிக்கைப் பக்கம் மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறிய நீரில்தான் அண்ணனைக் கரைத்தோம்.

அண்ணன் பிள்ளையார்பாளையத்தில் நெசவாளர் வீட்டில் பிறந்தவர். அப்பா காலமானதும் நான் ஐந்தாவதோடு நின்று, ராட்டையில் தறிக்கு ஊடைநூல் தார் சுற்ற உட்கார்ந்தேன். அண்ணன் தறியும் நெய்து படிப்பையும் விடாமல் பிடித்துக்கொண்டார். யார் மனமும் நோகப் பேசாதவர். சென்னையில் சரித்திரம் படித்து, இந்திப் போராட்டம் ஓய்ந்த மறுவருடம் உதவித்தொகையில் அமெரிக்கா புறப்பட்டார். எல்லாரும் மாலை போட்டார்கள். நான் அழுதேன்.

"அங்க உனக்கு ஒண்ணு ஆச்சின்னா யாருண்ணா எடுப்பாங்க?"

"இன்னும் வண்டியே ஏறல, அதுக்குள்ள பாடை கட்டிட்டியாம்மா?" என்று சிரித்தார்.

அங்கே ஒரு நிலக்கரிச் சுரங்க ஊரில் தங்கி, ஸ்லோவாக்கியா என்ற மலைநாட்டிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்களின் வரலாற்றை ஆராய்ந்தார். நடுவில் ஒரே ஒரு முறை ஊருக்கு வந்தார். அப்போது அம்மா கேட்டார்: "ஏம்பா, நம்ம ஜனத்துக்குக் கதை இல்லியா? யாரோ வெள்ளக்காரன் பாட்டன் கதைய எழுதிக்கினு இருக்கிற?"

"அவங்களும் ஊர விட்டுப் போனவங்கதாம்மா. சுரங்கத்துல யாராச்சும் செத்துக்கினே இருப்பாங்க. சொந்தபந்தம் கடலுக்கு அந்தாண்ட. அதான் மாசாமாசம் காசு போட்டு, எடுக்கிறதுக்கு ஒரு சங்கம் வெச்சிக்கினாங்க. கோயில் கட்டினதெல்லாம் அப்புறம்தான்." என் பக்கம் திரும்பினார். "உன் தொல்ல தாங்காம நானும் அதுல சேர்ந்துட்டேன். எனக்கும் ஆள் இருக்குது, போதுமா?"

அதற்குப் பிறகு, தார் சுற்றும்போதெல்லாம் அந்த ஊர் என் கண்ணில் தெரியும். ராட்டை சுற்றச் சுற்ற, பட்டுப் பிசிறு பறப்பதுபோலப் பனி விழும். கரிய மேடுகளுக்கு நடுவே அண்ணன் கோட்டு போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போவார். கிழவிகள் கொடுக்கும் சூப்பைக் குடித்தபடி அவர்கள் சொல்வதை எழுதிக்கொள்வார். அவர்கள் கோயில் மணி அடிக்கும். இங்கே கச்சபேசுவரர் கோயில் மணியும் அடிக்கும். எது எந்த ஊர் மணி என்று தெரியாமல் என் கை நின்றுபோகும்.

சென்ற வருடம் நுரையீரலில் நோய் கண்டு, சில மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து அண்ணன் போய்விட்டார். நாற்பது வயது நிறையவில்லை. சங்கத்தார் புதைக்கிற வழக்கம் உள்ளவர்கள். ஆனாலும் நம் வழக்கத்தைக் கேட்டறிந்து, தகனம் செய்ய வசதியுள்ள பட்டணத்துக்குக் கொண்டுபோனார்களாம். முக்காடு போட்ட கிழவிகள் பனியில் நின்று தங்கள் மொழியில் பாடினார்களாம். சுந்தரம் தம்பி ஆற்றில் இதைச் சொன்னபோது, அந்தக் கிழவிகளும் ஊற்றைச் சுற்றி எங்களோடு நிற்பதுபோல் இருந்தது.

இருந்தாலும் என் மனசு சும்மா இருக்குமா?

"அண்ணன் பாக்கி ஏதாச்சும் வெச்சிருந்தாரா தம்பி?"

"ஆஸ்பத்திரில இருந்தப்ப சந்தா கட்டலக்கா. அத யாரும் கேக்கல, விடுங்க."

என்னால் விட முடியவில்லை. எவ்வளவு என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

ஊற்றுத் தோண்டிய பங்காளிகளையும், அம்மாவைத் தனியே விடாத தெருவாரையும், பெயர்கூடத் தெரியாத அந்தக் கிழவிகளையும் எங்கள் குடும்பம் மறக்காது. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப அரசாங்க அனுமதி வேண்டுமாம். பாங்கில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். கடைத்தெருவுக்குப் போகும்போதெல்லாம் எட்டிப் பார்த்துக் கேட்கிறேன், இன்னும் வரவில்லை. அண்ணன் பெயரில் அங்கே நிற்கும் பாக்கி, நான்கு டாலர்.